பிளகின் சோர்ஸ் கோடை டைனமோவுக்குக் கொண்டுவருவது: வரிக்கு வரி மாற்றினால் போதுமா?

ஒரு வாசகரின் கேள்வி, 9 பிப்ரவரி 2024

எங்க ஆபீஸ்ல ரெவிட்டுக்கு (கட்டட மாடல் போடற சாஃப்ட்வேர்) பழைய ஆட்-இன், அதாவது பிளகின், ஒண்ணு இருக்கு, சி ஷார்ப்ல எழுதினது. ரூமோட எல்லையை எடுத்து ஒவ்வொரு ரூமுக்கும் ஃப்ளோர் ஃபினிஷ் போட்டுடும். எழுதினவர் வேலைய விட்டுப் போயிட்டார், சோர்ஸ் கோடு மட்டும் சர்வர்ல கிடக்கு. ரெவிட் 2021 வரைக்கும் ஓடிச்சு, 2022ல இருந்து ஓடல. புது டிஎல்எல் (கம்பைல் பண்ணின ஆட்-இன் ஃபைல்) போட ஐடி ஆளுங்க விட மாட்டேங்கறாங்க. டைனமோ (ரெவிட்டுக்குள்ள நோடுகளை வயரால கோத்து ப்ரோக்ராம் பண்ற கருவி) எனக்கு ஓரளவு தெரியும், பைத்தான் கொஞ்சம். அந்த சி ஷார்ப் கோடை வரிக்கு வரி பைத்தான் நோடுக்குள்ள மாத்திட்டா போதும்தானே? ரெண்டுக்கும் அடியில ஒரே ஏபிஐதானே (ரெவிட்டைக் கோடால இயக்கற வாசல்)?

9 பிப்ரவரி, இரவு

ஒரே ஏபிஐதான். ஆனால் வரிக்கு வரி வேண்டாம்.

சோர்ஸை அச்செடுத்து ஒரு சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். ஐஎக்ஸ்டர்னல்கமாண்ட் என்று தொடங்கும் கிளாஸ் அறிவிப்பு, அதன் தலையில் உள்ள ட்ரான்சாக்ஷன் மோட் குறிப்பு, எக்ஸிக்யூட் மெதட், கமாண்ட்டேட்டாவிலிருந்து ஆக்டிவ் டாகுமெண்டை எடுக்கும் வரிகள், கடைசியில் ரிசல்ட் சக்ஸீடட் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். ரெவிட் ஒரு பட்டனை அழுத்தி அந்தக் கோடை எழுப்புவதற்காக இருப்பவை அவை. டைனமோவில் எழுப்பும் வேலையை டைனமோவே பார்க்கிறது. விண்டோஸ் ஃபார்ம் இருந்தால் அதையும் அடியுங்கள்.

மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். இந்த மாதிரி ஆட்-இன்னில் எனக்குப் பெரும்பாலும் ஒன்றரைப் பக்கம்தான் மிஞ்சும். ரூம்களைத் திரட்டுவது, எல்லையை எடுப்பது, ஃப்ளோர் போடுவது, அவ்வளவுதான். திரட்டுவதற்கு நோடு இருக்கிறது, எல்லைக்கும் இருக்கிறது. பைத்தான் வேண்டியிருப்பது மூன்றாவதற்கு மட்டும், அதுவும் சில வீடுகளுக்குத்தான்.

2022ல் ஏன் நின்றது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் முதல் தடயம். கோடில் டிஸ்ப்ளேயூனிட்டைப் என்று தேடுங்கள். அலகு மாற்றத்துக்கான அந்தப் பழைய பட்டியலை 2021ல் 'இனி பயன்படுத்தாதே' என்று அறிவித்து 2022ல் எடுத்துவிட்டார்கள். இப்போது ஃபோர்ஜ்டைப்ஐடி வழி.

கோடு ஒட்டச் சொல்லாதீர்கள். இங்கே ஒட்டினால் பைத்தானின் இடைவெளி எல்லாம் குலைந்துபோகிறது. வாயால் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

10 பிப்ரவரி

காலையில் டீ குடிக்கும்போது தோன்றியது. நேற்றுச் சொன்னதில் ட்ரான்சாக்ஷனை (மாடலில் மாற்றம் செய்யும்முன் திறந்து, முடிந்ததும் மூடவேண்டிய கட்டு) தொடவே இல்லை.

ஆட்-இன்னில் ட்ரான்சாக்ஷனை நீங்களே திறந்து நீங்களே கமிட் செய்வீர்கள். டைனமோ தன் பங்குக்கு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உங்கள் நோடுகளை ஓட்டும். அதற்குள் போய் இன்னொன்றை ஸ்டார்ட் செய்தால் ஏற்கெனவே ஒன்று திறந்திருக்கிறது என்று முறைக்கும். அதனால் ரெவிட்சர்வீஸஸில் இருக்கும் ட்ரான்சாக்ஷன்மேனேஜரைக் கூப்பிட்டு, 'திறந்திருக்கிறதா பார், இல்லாவிட்டால் திற' என்னும் என்ஷ்யூர் மெதடைப் போடுங்கள். முடிந்ததும் டாஸ்க்டன். டாகுமெண்டை டாகுமெண்ட்மேனேஜரிடமிருந்து எடுங்கள்.

சில வேலைகளுக்கு ட்ரான்சாக்ஷன் திறந்திருக்கவே கூடாது. எடிட்ஃபேமிலி அப்படி. ஆக்டிவ் வியூவை மாற்றுவதும் அப்படி. அங்கே ஃபோர்ஸ்க்ளோஸ் போட்டு டைனமோ திறந்ததை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். ஃப்ளோர் ஃபினிஷுக்கு இது தேவைப்படாது. வேறு ஆட்-இன்னை மாற்ற வருகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

10 பிப்ரவரி, மாலை

"அப்ப அன்ராப் எலிமெண்ட் எங்க போடணும்?" என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்.

வெளியிலிருந்து வயர் வழியாக உள்ளே வரும் எலிமெண்டுக்கு மட்டும். டைனமோ ஒவ்வொரு ரெவிட் எலிமெண்டுக்கும் தன் உறை ஒன்றைப் போட்டுத்தான் நோடுக்கு நோடு அனுப்புகிறது. ஏபிஐக்கு உறை வேண்டாம், உள்ளே இருப்பது வேண்டும். பைத்தானுக்குள்ளேயே கலெக்டர் (மாடலிலிருந்து எலிமெண்டுகளைத் திரட்டும் ஏபிஐ கருவி) வைத்து நீங்கள் எடுத்த எலிமெண்டுக்கு உறை கிடையாது, அன்ராப்பும் வேண்டாம். வெளியே அனுப்பும்போது மற்ற நோடுகள் அதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் டுடிஎஸ்டைப் போட்டு உறையை மாட்டுங்கள்.

ஜியோமெட்ரிக்கும் இதே கதை. டைனமோவின் வரைகோடு வேறு, ரெவிட்டின் வரைகோடு வேறு. டுரெவிட்டைப் ஒரு திசை, டுப்ரோட்டோடைப் எதிர்த் திசை.

13 பிப்ரவரி

அலகு. இதைத் தனியாக எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ரெவிட் உள்ளே நீளத்தை அடிக்கணக்கில்தான் வைத்திருக்கிறது, ப்ராஜெக்ட் மில்லிமீட்டரில் இருந்தாலும். அதனால் பழைய ஆட்-இன் கோடில் எங்கு பார்த்தாலும் 304.8 (ஓர் அடிக்கு இத்தனை மில்லிமீட்டர்) இருக்கும், வகுத்தோ பெருக்கியோ. அதே கோடு பைத்தான் நோடுக்குள் போனால் 304.8 இருக்கட்டும். நோடுகளாகப் பிரித்தால் அதை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பாராமீட்டரைப் படிக்கும் நோடும் எழுதும் நோடும் ப்ராஜெக்ட் அலகிலேயே பேசுகின்றன.

ஆபத்து எங்கே என்றால் பாதி பைத்தான், பாதி நோடு என்று கலக்கும் இடத்தில். ஃப்ளோரை லெவலிலிருந்து 50 மில்லிமீட்டர் ஏற்றவேண்டும். பைத்தான் 50ஐ 304.8ஆல் வகுத்து 0.164 என்று வெளியே அனுப்புகிறது. அதை செட்பாராமீட்டர் நோடில் மாட்டினால் 0.164 மில்லிமீட்டர் ஏறும். சிவப்பு வராது, மஞ்சளும் வராது. செக்ஷனில் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சைட்டில் இருந்து யாராவது ஃபோன் செய்யும்வரை யாருக்கும் தெரியாது.

என் பழக்கம்: பைத்தான் நோடின் வாசலைத் தாண்டும் எந்த எண்ணும் ப்ராஜெக்ட் அலகில்தான் தாண்டவேண்டும். உள்ளே அடி, வெளியே மில்லிமீட்டர். பரப்புக்கும் அப்படியே, ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி.

14 பிப்ரவரி

மில்லிமீட்டரை அலட்சியம் செய்ய முடியாத இன்னொரு இடம். ரெவிட்டுக்கு மிகச் சிறிய வரைகோடு பிடிக்காது. எல்லை சுமார் 0.78 மில்லிமீட்டர். அதற்குக் கீழே நீளமுள்ள கோட்டை உருவாக்கச் சொன்னால் மறுத்துவிடும். ரூம் எல்லையில் தூணும் சுவரும் ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை தள்ளி நிற்கும் இடத்தில் இப்படிப்பட்ட கோடு வரும். பழைய ஆட்-இன்னில் ஒரு ட்ரை-கேட்ச் (பிழையைப் பிடித்துக்கொள்ளும் கட்டளை) வைத்து அந்த ரூமைச் சத்தமில்லாமல் தாண்டியிருப்பார்கள். பாருங்கள், நிச்சயம் இருக்கும்.

19 பிப்ரவரி

கேள்வி கேட்ட நண்பர் முதல் வடிவத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: "சூப்பரா வேலை செய்யுது. ஆனா ரெண்டாவது தடவை ரன் பண்ணா ஃப்ளோர் மேல ஃப்ளோர் விழுது."

இதற்காகத்தான் வரிக்கு வரி வேண்டாம் என்றேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த முக்கியமான ஒரே பாடம் இதுதான், மற்றதெல்லாம் சில்லறை.

ஆட்-இன் என்பது ஒரு கட்டளை. பட்டனை அழுத்தினால் ஒருமுறை ஓடும், முடியும், செய்ததை மறந்துவிடும். திரும்ப அழுத்தினால் திரும்பச் செய்யும், அது உங்கள் பொறுப்பு. எழுதுகிறவரும் அப்படி நினைத்துத்தான் எழுதியிருப்பார்.

டைனமோ கிராஃப் ஓடி முடிந்தபின்னும் உயிரோடு இருக்கிறது. எந்த நோடு எந்த எலிமெண்டை உருவாக்கியது என்று நினைவில் வைத்திருக்கிறது. எலிமெண்ட் பைண்டிங் என்பார்கள். மறுமுறை ஓடும்போது புதிதாக இன்னொன்றைப் போடாமல் முன்பு தான் போட்டதைத் தேடிப் பிடிக்கும். உள்ளே வரும் லிஸ்ட் பத்திலிருந்து ஏழாகக் குறைந்தால் மிச்சம் மூன்றை அழித்தும் விடும்.

ஆனால் இந்த நினைவு டைனமோவோடு வரும் நோடுகளுக்கு மட்டும். உங்கள் பைத்தான் நோடுக்குக் கிடையாது. அது ஆட்-இன் மாதிரியே மறதிக்காரன். போதாக்குறைக்கு ரன் ஆட்டோமேட்டிக்கில் இருந்தால், மேலே எங்கோ ஒரு ஸ்லைடரை அசைத்தாலும் எல்லா ரூமுக்கும் இன்னொரு தரை. 'ஃப்ளோர்கள் ஒன்றின் மேல் ஒன்று' என்ற எச்சரிக்கையை மூடி மூடிக் கை வலிக்கும். முதல் வேலையாக ரன்னை மேனுவலுக்கு மாற்றுங்கள்.

19 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

அப்படியானால் நோடையே பயன்படுத்திவிட்டால் தீர்ந்ததா? தீரவில்லை. நினைவு இருப்பதும் ஒரு தொல்லைதான்.

லெவல் ஒன்றைத் தேர்ந்து ஓட்டுகிறீர்கள். தரை வந்தது, மகிழ்ச்சி. அதே கிராஃபில் லெவலை இரண்டாக மாற்றி ஓட்டுகிறீர்கள். இரண்டில் தரை வரும், ஒன்றில் போட்டது காணாமல் போகும். கிராஃப் தன் கண்ணோட்டத்தில் சரியாகத்தான் செய்திருக்கிறது: "நான் போட்ட தரைகள் இப்போது இங்கே இருக்கவேண்டும் என்று சொல்கிறார்கள்." ஆட்-இன் பழக்கத்தில் வருகிறவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை அலறுவார்கள்.

இன்னொன்று. ஃப்ளோர் நோடு பழைய தரையைத் திருத்துவதில்லை. புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டுப் பழையதை அழிக்கிறது. பார்வைக்கு அதே தரை, ஆனால் எலிமெண்ட் ஐடி வேறு. அதன் மேல் நீங்கள் போட்ட டேக், டைமென்ஷன் எல்லாம் அநாதை.

20 பிப்ரவரி

சரி, நான் என்ன செய்கிறேன்? பைத்தானிலேயே போடுகிறேன், நினைவை மாடலுக்குள் எழுதுகிறேன். ஃப்ளோர் காட்டகரிக்கு ஒரு ஷேர்டு பாராமீட்டர். ஒவ்வொரு தரைக்கும் அதன் ரூமின் யூனிக்ஐடியை அதில் எழுதிவிடுவது. அடுத்தமுறை ஓடும்போது முதலில் ஏற்கெனவே உள்ள தரைகளைத் திரட்டி, எந்த ரூமுக்கு ஏற்கெனவே தரை இருக்கிறது என்று ஒரு டிக்ஷனரி. இருந்தால் எல்லை மாறியிருக்கிறதா என்று பார்ப்பது, மாறாவிட்டால் தொடாமல் விடுவது, மாறியிருந்தால் மட்டும் அழித்துப் போடுவது. இல்லாவிட்டால் புதிது.

ரூம் நம்பரை வைத்துச் செய்யலாமே என்று ஒருவர் கேட்பார். நம்பர் மாறும். ஆர்க்கிடெக்ட் ஒரு சுவரைத் தள்ளினால் அந்த மாடி முழுக்க நம்பர் மாறும். ஃபேஸ் (கட்டுமானக் கட்டம்) இரண்டு இருந்தால் பழைய கட்டடத்தில் ஒரு 101, புதியதில் ஒரு 101. யூனிக்ஐடி மாறாது.

இந்த வழியில் கிராஃபை யார் திறந்தாலும், எந்தக் கணினியில் ஓட்டினாலும் ஒரே விடைதான். பைண்டிங் டைனமோ கோப்பில் உட்கார்ந்திருக்கிறது, மாடலில் அல்ல. ஒருவர் கோப்பைச் சேமித்தார், இன்னொருவர் பழைய பிரதியை வைத்திருக்கிறார் என்றால் நினைவு இரண்டாகப் பிரிந்துவிடும்.

22 பிப்ரவரி

வேறொருவர்: "சாட்பாட்கிட்ட கோடைக் குடுத்தேன், ரெண்டு நிமிஷத்துல மாத்திக் குடுத்துடுச்சு."

ஓடியதா என்று சொல்லவில்லையே.

நானும் கொடுத்துப் பார்த்தேன். பைத்தான் இலக்கணம் சுத்தம். ஆனால் ஃப்ளோர் போடும் வரியில் நியூஃப்ளோர் என்று எழுதியிருந்தது. அது 2022ல் பழசாக அறிவிக்கப்பட்டது, இப்போது ஏபிஐயில் இல்லை. அதற்குப் பதில் ஃப்ளோர்.கிரியேட். இணையத்தில் பத்து வருடமாகக் கொட்டிக் கிடக்கும் உதாரணங்களில் பழையதுதான் நிறைய. அதைப் படித்து வளர்ந்தது அதைத்தான் சொல்லும்.

புதியது நல்லது என்பதையும் சொல்லவேண்டும். பழைய நியூஃப்ளோர் ஒரே ஒரு வெளிக்கோட்டைத்தான் வாங்கும். ரூம் நடுவே தூண் நின்றால் தரையைப் போட்டுவிட்டுப் பிறகு ஓபனிங் வெட்ட வேண்டும். உங்கள் ஆட்-இன்னில் அதற்கென்றே அரைப் பக்கம் இருக்கும். ஃப்ளோர்.கிரியேட் கர்வ்லூப்களின் லிஸ்டை வாங்குகிறது, வெளிக்கோடும் உள்ளே உள்ள ஓட்டைகளும் ஒரே தடவையில். அந்த அரைப் பக்கத்தையும் சிவப்புப் பேனாவால் அடிக்கலாம். இதற்காகவே நான் ஃப்ளோர் நோடை விட்டுப் பைத்தானுக்கு வந்தேன், முதல் நாள் 'சில வீடுகளுக்குத்தான்' என்றது இந்தத் தூண் நிற்கும் வீடுகளைத்தான்.

23 பிப்ரவரி

அந்த லிஸ்ட் பற்றி. பைத்தானின் சதுர அடைப்பு லிஸ்டை நேராகக் கொடுக்காதீர்கள். சிஸ்டம் கலெக்ஷன்ஸ் ஜெனரிக்கிலிருந்து லிஸ்டை எடுத்து, கர்வ்லூப் வகை என்று சொல்லி உருவாக்கி, ஒவ்வொன்றாக ஆட் செய்து கொடுங்கள். சி ஷார்ப் கோடில் இது ஏற்கெனவே இப்படித்தான் இருக்கும், 'பைத்தானில் எதற்கு இவ்வளவு' என்று சுருக்கினால்தான் அடி.

சுருக்கவேண்டியது LINQ (சி ஷார்ப்பில் லிஸ்டை வடிகட்டும் எழுத்துமுறை) வரிகளை. கேஸ்ட், வேர், செலெக்ட் என்று புள்ளி வைத்துத் தொடரும் நீண்ட சங்கிலி இருக்கிறதல்லவா, அதை ஒரே லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனாக எழுதிவிடலாம். கேஸ்ட் பைத்தானுக்கு வேண்டவே வேண்டாம்.

26 பிப்ரவரி

எந்த பைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

ரொம்ப நாள் டைனமோவில் அயர்ன்பைத்தான் 2.7 இருந்தது. டாட்நெட்டுக்கு (சி ஷார்ப்பும் ரெவிட் ஏபிஐயும் நிற்கும் தளம்) அது சொந்தப் பிள்ளை, சி ஷார்ப் கோடு அதில் வழுக்கிக்கொண்டு இறங்கும். ரெவிட் 2022ல் புதிய நோடு போட்டால் சிபைத்தான் 3 (வழக்கமான பைத்தான்) வரத் தொடங்கியது. 2023லிருந்து அயர்ன்பைத்தான் தனி பேக்கேஜ், வேண்டுமானால் இறக்கிக்கொள்ளலாம்.

சிபைத்தானில் நம்பை, பாண்டாஸ் போன்ற கணக்கு நூலகங்கள் எல்லாம் கிடைக்கும் என்று ஆசைப்பட்டுப் போகலாம். ஆனால் ஆட்-இன் கோடை மாற்றும்போது ஒரு இடத்தில் இடிக்கும். இன்டர்ஃபேஸை நடைமுறைப்படுத்தும் கிளாஸ்கள்: ஐசெலெக்ஷன்ஃபில்டர், ஐஃபேமிலிலோட்ஆப்ஷன்ஸ், ஐஃபெயில்யூர்ஸ்ப்ரீப்ராசஸர். அயர்ன்பைத்தானில் பெயரை அடைப்புக்குள் போட்டால் முடிந்தது. சிபைத்தானில் அந்தக் கிளாஸுக்கு ஒரு நேம்ஸ்பேஸ் எழுத வேண்டும். முதல்முறை ஓடும், இரண்டாம் முறை 'அதே பெயரில் வகை ஏற்கெனவே இருக்கிறது' என்று நிற்கும். ஓடும்போதெல்லாம் நேம்ஸ்பேஸ் பெயரில் ஒரு புதிய எண்ணை ஒட்டிச் சமாளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை நடக்கிறது, ஆனால் யாரிடமும் காட்ட வெட்கமாக இருக்கும் கோடு.

கோடில் அந்த மூன்று பெயர்களில் ஏதாவது இருந்தால் அயர்ன்பைத்தான் பேக்கேஜை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சிபைத்தான். ஐசெலெக்ஷன்ஃபில்டர் மட்டும் என்றால் அதைத் தூக்கிவிட்டு 'செலெக்ட் மாடல் எலிமெண்ட்ஸ்' நோடு வைத்து, பிறகு காட்டகரி பார்த்து வடிகட்டினால் போதும்.

2 மார்ச்

துபாயிலிருந்து ஒரு நண்பர்: "எங்க மாடலில் ரூம் எல்லாம் லிங்க் ஃபைலில் இருக்கு. நோடு ஒண்ணும் தரமாட்டேங்குது."

தராது. காட்டகரி நோடு திறந்திருக்கும் டாகுமெண்டை மட்டும் பார்க்கும். லிங்க் இன்ஸ்டன்ஸிலிருந்து அதன் டாகுமெண்டை எடுத்து அங்கே கலெக்டரைப் போடுங்கள். எல்லைக் கோடுகள் லிங்கின் ஆயத்தில் வரும், அதனால் இன்ஸ்டன்ஸின் டோட்டல் ட்ரான்ஸ்ஃபார்மை எடுத்து ஒவ்வொரு கோட்டையும் நகர்த்தித்தான் பயன்படுத்த வேண்டும். லிங்க் ஆரிஜின்-டு-ஆரிஜின் வைத்திருந்தால் இது இல்லாமலே சரியாக வரும். அதனாலேயே மறந்துவிடுவோம், ஷேர்டு கோஆர்டினேட்டில் வைத்த முதல் ப்ராஜெக்டில் தரை எங்கோ பாலைவனத்தில் போய் விழும்.

லெவலும் அந்த டாகுமெண்டின் லெவல்தான். உங்கள் மாடலில் அதே பெயரில், அதே உயரத்தில் உள்ளதைத் தேடி எடுக்கவேண்டும்.

3 மார்ச்

ஞாயிற்றுக்கிழமை. பலர் அனுப்பிய கிராஃப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா, இடியாப்பம். எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடர முடியவில்லை.

ஆட்-இன்னில் ஒரு இஃப் இருந்த இடத்தில் எல்லாம் ஃபில்டர்பைபூல்மாஸ்க், ஒரு ஃபார் லூப் இருந்த இடத்தில் எல்லாம் லெவல் அம்புக்குறி, லேசிங் (லிஸ்ட்களை எப்படிக் கோப்பது என்ற அமைப்பு) மாற்றம். லூப்புக்குள் லூப்புக்குள் இஃப் என்பதை நோடுகளால் சொல்ல முயலாதீர்கள். அதற்கு பைத்தான் எட்டு வரி.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே ஒரு பைத்தான் நோடு, அதற்குள் முந்நூறு வரி, இன்புட் எதுவும் இல்லை, அவுட்புட் 'டன்' என்று ஒரு வார்த்தை. அதை டைனமோவில் ஏன் வைத்திருக்கிறீர்கள்? கிராஃபின் ஒரே லாபம், நடுவே நின்று ஒவ்வொரு வயரிலும் என்ன ஓடுகிறது என்று பார்க்கலாம் என்பது. கோடு தெரியாத ஆர்க்கிடெக்ட்கூட வாட்ச் நோடைப் பார்த்து "இந்த டாய்லெட் ஏன் லிஸ்ட்ல இல்ல?" என்று கேட்பார். ஆட்-இன்னில் அந்தக் கேள்வி எழவே எழாது.

என் பிரிவினை இப்படி: எதை எடுப்பது, எதை விடுவது, எந்த ரூமுக்கு எந்த ஃப்ளோர் டைப் என்ற முடிவுகள் எல்லாம் நோடுகளில், கண் முன்னால். மாடலில் கை வைக்கும் கடைசி வேலை மட்டும் பைத்தானில். ரூமின் ஃப்ளோர் ஃபினிஷ் என்ற பாராமீட்டரில் எழுதியிருப்பதைப் படித்து டைப் பெயரோடு பொருத்துவது நோடுகளுக்கு அழகாக வரும். டிக்ஷனரி நோடு ஒன்று போதும். உங்கள் ஆட்-இன்னில் அது ஒரு பெரிய ஸ்விட்ச்-கேஸாக இருக்கும், டைல் பெயர்கள் கோடுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். பந்தயம் வேண்டுமானால் கட்டுகிறேன்.

3 மார்ச், மாலை

பந்தயம் ஜெயித்தேன். 'விட்ரிஃபைட் 600' என்று கோடுக்குள் இருக்கிறதாம்.

5 மார்ச்

லேசிங் என்றதும் ஒரு விஷயம். நோடுகளுக்கு லிஸ்டைக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தானே ஓடும். பைத்தான் நோடுக்கு அது இல்லை, முழு லிஸ்டும் ஒரே பொட்டலமாக வரும். ரூம் ஒன்றே ஒன்று என்றால் லிஸ்டே இல்லாமல் தனி எலிமெண்டாகவும் வரலாம். லிஸ்டா என்று பார்த்து, இல்லாவிட்டால் லிஸ்டாக்கிக்கொள்ளும் வரி எல்லா பைத்தான் நோடிலும் முதல் வரியாக இருக்கட்டும்.

வெளியே அனுப்பும்போது உள்ளே வந்த வரிசையைக் கலைக்காதீர்கள். ஒரு ரூம் தோற்றால் அந்த இடத்தில் காரணத்தை ஒரு வாக்கியமாக வைத்து அனுப்புங்கள். ட்ரை-கேட்சை வாய்மூடியாக வைத்த பழைய கோடுக்கு இதுதான் என் பதில். வாட்ச் நோடில் நூறு தரைக்கு நடுவே இரண்டு வாக்கியம் தெரிந்தால் கண் நேராக அங்கே போகும்.

8 மார்ச்

"பைரெவிட் போடலாமே?" போடலாம், பைத்தான் கோடை ரெவிட் பட்டனாக்கும் கருவி அது, எனக்கும் பிடிக்கும். பட்டன் வேண்டும், ரிப்பன் வேண்டும் என்றால் அதுதான் வழி. ஆனால் அதையும் நிறுவவேண்டும், கேள்வி கேட்டவரின் ஐடி ஆட்கள் மறுபடி குறுக்கே நிற்பார்கள். டைனமோ ரெவிட்டோடே வருகிறது. பாதி ஆபீஸ்களில் டைனமோ வளர்ந்ததற்கு நிரலாக்க அழகு காரணம் இல்லை, அட்மின் பாஸ்வேர்டு கேட்காதது காரணம்.

கிராஸ்ஹாப்பர் (ரைனோவில் டைனமோவைப் போன்ற கருவி) பற்றிக் கேட்டவருக்கு: ரைனோ.இன்சைட்.ரெவிட் (ரைனோவை ரெவிட்டுக்குள் ஓட்டும் இணைப்பு) இருந்தால் தாராளமாக. மேலே நான் புலம்பிய பைண்டிங் விஷயத்தில் அவர்கள் ஒருபடி முன்னே. எலிமெண்டை உருவாக்கும் கம்போனன்டில் டிராக்கிங் மோட் என்று ஒன்று இருக்கிறது: நினைவே வேண்டாம், பழையதை மாற்றிப்போடு, பழையதைத் திருத்து என்று நாமே தேர்ந்துகொள்ளலாம். டைனமோவில் அந்தத் தேர்வு நோடு மேலேயே இருந்தால் பிப்ரவரி 19, 20ல் நான் எழுதியதில் பாதி தேவைப்பட்டிருக்காது.

15 மார்ச்

எதையெல்லாம் மாற்றவே முயலக்கூடாது என்று கேட்டார்கள்.

ஐஅப்டேட்டர் வைத்து, சுவர் நகர்ந்தவுடன் தானே எதையோ செய்யும் ஆட்-இன். டாகுமெண்டைச் சேமிக்கும்போது எழும் ஈவென்ட். ரெவிட் திறந்திருக்கும்வரை விழித்திருக்க வேண்டியவை இவை. கிராஃப் நாம் ரன் அழுத்தினால்தான் எழும். இவை ஆட்-இன்னாகவே இருக்கட்டும்.

கோடு ரொம்பப் பெரிதாக, கணக்கு நிறைந்ததாக இருந்தால் பைத்தானாக மாற்றுவதே வீண். ஜீரோ டச் என்று ஒரு வழி உண்டு. அந்த சி ஷார்ப் கோடின் கணக்குப் பகுதியை மட்டும் பப்ளிக் ஸ்டாட்டிக் மெதட்களாகப் பிரித்து ஒரு டிஎல்எல் ஆக்கி டைனமோவில் இறக்கினால் ஒவ்வொரு மெதடும் ஒரு நோடு. மொழி மாற்றமே இல்லை, லேசிங்கும் இலவசம். கேள்வி கேட்டவருக்கு டிஎல்எல் என்ற சொல்லே ஆகாது, அதனால் அவருக்கு இதை முன்பே சொல்லவில்லை. ஆனால் டைனமோவுக்குள் இறக்கும் டிஎல்எல்லை ரெவிட்டின் ஆட்-இன் ஃபோல்டரில் வைக்க வேண்டியதில்லை, உங்கள் சொந்த ஃபோல்டரே போதும். உங்கள் ஐடி விதி எதைத் தடுக்கிறது என்று நேராகக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ஒளித்துச் செய்யாதீர்கள்.

16 மார்ச்

உரிமம். இது உங்கள் ஆபீஸ் கோடு, ஆபீஸுக்குள்ளேயே பயன்படுத்துகிறீர்கள், சிக்கல் இல்லை. கிட்ஹப்பிலிருந்து எடுத்ததை மாற்றுகிறவர்கள் உரிமக் கோப்பைப் படியுங்கள். எம்ஐடி என்றால் அந்த அறிவிப்பை உங்கள் பைத்தான் நோடின் தலையிலும் வைத்துவிட்டால் போதும். பைரெவிட் மாதிரி ஜிபிஎல் என்றால் வெளியே விநியோகிக்கும்போது உங்கள் பக்கத்துக்கும் கடமை வரும். மொழியை மாற்றினேன், அதனால் என்னுடையது என்று வாதிடாதீர்கள்.

12 ஏப்ரல்

ரெவிட் 2025 வந்துவிட்டது. உள்ளே டாட்நெட் 8, டைனமோ 3. பழைய ஆட்-இன்கள் எல்லாம் புதிதாகக் கம்பைல் ஆகவேண்டும், ஜீரோ டச் டிஎல்எல்களும் அந்த வரிசையில் நிற்கின்றன. பைத்தான் நோடுகளில் நான் ஓட்டிப் பார்த்தவை பெரும்பாலும் தொடாமலே ஓடின. மார்ச் 15ல் ஜீரோ டச்சை அவ்வளவு தூக்கிப் பேசியவன் இன்று கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். பராமரிக்க ஒரு சி ஷார்ப் ஆள் நிரந்தரமாக இருந்தால் ஜீரோ டச், இல்லாவிட்டால் பைத்தான்.

எலிமெண்ட் ஐடியின் இன்டிஜர்வேல்யூ வரியையும் இப்போதே மாற்றிவிடுங்கள். 2024லேயே ஐடி 64 பிட் ஆகி, அது பழசு என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. இப்போது வேல்யூ மட்டும்.

20 ஏப்ரல்

"கதவுக்குக் கீழே தரை வரல."

வராது, ஏனென்றால் ரூம் எல்லை கதவைப் பார்ப்பதில்லை. ஃபினிஷ் எல்லை சுவர் முகத்தோடு நேராகப் போய்விடும், வாசலுக்குள் நுழையாது. இந்த ரூமின் தரைக்கும் அடுத்த ரூமின் தரைக்கும் நடுவே சுவர் கனத்துக்கு ஒரு பள்ளம். பழைய ஆட்-இன்னிலும் இதுதான் நடந்திருக்கும், யாரும் செக்ஷன் வெட்டிப் பார்க்கவில்லை.

நம் ஊர் சைட்டில் அந்த இடத்தில் டைல் தொடர்வதும் குறைவு, ஒரு கிரானைட் பட்டி போடுவார்கள். அதனால் ரூமின் தரையை நீட்டுவதைவிட கதவுகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் அகலம் கதவிலிருந்து, கனம் அதன் ஹோஸ்ட் சுவரிலிருந்து எடுத்து ஒரு செவ்வகம் வரைந்து, கிரானைட் டைப்பில் தனித் தரை போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அளவுப் பட்டியலிலும் அது தனியாக வரும், காண்ட்ராக்டரும் அப்படித்தான் பில் போடுவார். அதே ஷேர்டு பாராமீட்டரில் ரூமுக்குப் பதில் கதவின் யூனிக்ஐடி.

6 மே

கேள்வி கேட்ட நண்பர் முழு மாடலிலும் ஓட்டிவிட்டார். டைனமோ பிளேயரில் (கிராஃபைத் திறக்காமலே ஓட்டும் ஜன்னல்) போட்டு, லெவலையும் உயரத்தையும் மட்டும் இன்புட் என்று குறித்து மற்றவர்களுக்கும் கொடுத்துவிட்டாராம். ஷாஃப்ட்டுக்கும் தரை விழுந்திருக்கிறது என்கிறார். ரூம் பெயரில் ஷாஃப்ட், டக்ட் என்று இருப்பதை வடிகட்டும் நோடு ஒன்றைச் சேருங்கள், பரப்பு பூஜ்யமாக உள்ள, மாடலில் வைக்கப்படாத ரூம்களை வடிகட்டும் அதே இடத்தில்.

மீதி இரண்டு ரூமில் தரைக்குப் பதில் வாக்கியம் வந்ததாம்: வரைகோடு மிகச் சிறியது. அந்த இரண்டையும் கோடில் சரிசெய்ய வழி கேட்கிறார். கோடில் வேண்டாம். இரண்டு ரூமிலும் தூணின் முகத்தைச் சுவரின் முகத்தோடு அலைன் செய்து பூட்டிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.